கொட்டியாரம்: மலைநாட்டின் கடல்வாயில்



கண்டி வாவியின் தென்கிழக்கே, ஹந்தானை மலைத்தொடரின் சாரலில் அமைந்துள்ளது அம்பிட்டிய என்னும் சிற்றூர். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் விருப்பப்படி 1893ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற குருமடத்தினால் அவ்வூரின் பெயர் கடல் கடந்தும் பரவியது. இந்தியாவின் பல திசைகளிலிருந்தும் மாணவர்கள் கப்பலேறி வந்து, மலையேறி, அங்கே மறைக்கல்வி பயின்றனர். பின்னாளில் இந்தியாவின் முதற் கர்தினாலாக உயர்ந்த வலேரியன் கிராசியஸ் அவர்களும் அம்மாணவருள் ஒருவரே. 1955ஆம் ஆண்டில் அக்குருமடம் பூனா நகருக்கு மாற்றப்பட்டது. எனினும் அம்பிட்டியவில் மறைக்கல்வி நின்றுவிடவில்லை. இலங்கைக்குரிய தேசிய குருமடம் இன்றும் அங்கே நடைபெற்று வருகிறது.

இத்தகைய மலையூரில் நின்றுகொண்டு, "இவ்வூரின் கடற்கரை எது?" என்று ஒருவர் கேட்பாராயின், அது பொருத்தமற்ற கேள்வியாகவே நமக்குத் தோன்றும். கண்டி நகரமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மிக அண்மையான கடல் மேற்குக் கரையிலுள்ளது. ஆயினும், அம்பிட்டியவின் கூரைகளிலும் தோட்டங்களிலும் விழுகின்ற மழைநீர் மேற்கே செல்வதில்லை. அது சிறு ஓடைகளாக இறங்கி, தென்னக்கும்புரப் பக்கமாக ஓடும் மகாவலி கங்கையிற் கலக்கிறது. பின்னர் நெடுந்தூரம் வளைந்து சென்று, கீழைக் கரையில், திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேர்கிறது. ஆகவே அம்பிட்டியவுக்கும் கண்டிக்கும் அவற்றைச் சூழ்ந்த மலைகளுக்கும் உரிய கடற்கரை கொட்டியாரமேயாகும். அந்த நாட்டைப் பற்றியே இன்று உங்களுடன் சில சொற்கள் பேச விழைகின்றேன்.

கொட்டியாரம் என்பது ஒரு பெருநகரின் பெயரன்று. வடக்கே கொட்டியாரக் குடாவும், கிழக்கே வங்கக் கடலும், தெற்கே வெருகல் ஆறும் எல்லைகளாக, வயலும் குளமும் காடும் கடலோரமும் கலந்து கிடக்கும் ஒரு சிறு நாட்டின் பெயர் அது. பழைய ஆவணங்களில் அது கொட்டியாரப் பற்று என்று வழங்கப்பெறும். இன்று மூதூர், சேருவில, வெருகல் என்னும் மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளாக அது பிரிந்திருக்கிறது. இவற்றுள் தலையாய ஊர் மூதூர். முதுமை பொருந்திய ஊர் என்பதே அப்பெயரின் பொருள். சம்பூர், கட்டைபறிச்சான், கிளிவெட்டி, தோப்பூர், கங்குவேலி, ஈச்சிலம்பற்று என அதனைச் சூழ்ந்து பல ஊர்கள் உள்ளன.

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் நீர் இவ்வாற்றினாலேயே வடிகின்றது. கடலை நெருங்குங்கால் இது இரண்டாகக் கிளைக்கின்றது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. மற்றொன்று வெருகல் ஆறு என்னும் பெயருடன் தெற்கே சென்று கடலைச் சேர்கின்றது. இவ்விரு கிளைகளுக்கும் இடைப்பட்ட நிலம், மலைநாட்டிலிருந்து ஆறு சுமந்து வந்த வண்டலினாற் செழித்த நிலமாகும். கொட்டியாரத்து உழவன் தன் வயலில் அள்ளுகின்ற ஒரு கைப்பிடி மண்ணில், எங்கோ ஒரு மலைச்சரிவின் மண்ணும் கலந்திருக்கின்றது.

குடாவின் இயல்பும் வியப்புக்குரியது. பொதுவாகப் பேராறு ஒன்று விழும் கடல் ஆழங் குறைந்து, மணல் மேடிட்டுக் கிடக்கும். இங்கேயோ கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்குத் தொடங்கி, ஆழ்கடல்வரை இறங்கிச் செல்கின்றது. உலகிலுள்ள பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளுள் அதுவும் ஒன்று. பெருங்கப்பல்கள் இக்குடாவினுள் அச்சமின்றிப் புகுந்தமைக்கும், திருகோணமலைக் கடலிலே திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையில் உலவுவதற்கும் இந்த ஆழம் ஒரு காரணமாகும்.

மலைக்கும் கரைக்குமுள்ள தொடர்பைப் பருவக்காற்றுக்களும் எடுத்துக்காட்டுகின்றன. கொட்டியாரத்தின் மழைக்காலம் ஐப்பசி தொடங்கித் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலமே. வைகாசி முதல் ஆவணி வரை அங்கே கச்சான் காற்று வீசும். வானம் வெளிறி, நிலம் வெடிக்கும். ஆனால் அதே வேளையில் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை பொழிந்துகொண்டிருக்கும். அம்மழையே ஆறாகப் பெருகி, வறண்ட கீழைக் கரைக்கு வந்து சேரும். தன் வானம் பொய்த்த காலத்தில் பிறிதோர் ஊரின் வானத்தால் வாழ்வது கொட்டியாரத்தின் இயற்கை. சிறுபோக வேளாண்மை அங்கே நடைபெறுவதற்கு அடிப்படை இதுவே. கடலிலோ இதற்கு மாறான நிலை. கச்சான் காலத்தில் கீழைக் கடல் அமைதியாக இருக்கும். கரைவலைகள் இழுக்கப்படும், மேற்குக் கரை மீனவர்களும் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். மலைநாட்டில் நெல் விளைந்தது, பாக்கு விளைந்தது, மிளகும் ஏலமும் விளைந்தன. ஆனால் உப்பு விளையவில்லை. உப்பும் கருவாடும் புடைவையும் கடற்கரையிலிருந்தே மலைக்கு ஏற வேண்டும். பொதிமாடுகளின் வரிசையைத் தவளம் என்பர். அத்தவளங்கள் காட்டு வழிகளிலே பாக்கைச் சுமந்து கீழே இறங்கின. உப்பைச் சுமந்து மேலே ஏறின. போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் மேற்குக் கரைத் துறைகளைக் கைப்பற்றிக்கொண்ட காலத்தில், கண்டி அரசர்களுக்குக் கீழைக்கரைத் துறைகளே வெளியுலகுக்கான வாயில்களாக எஞ்சின. மட்டக்களப்பு ஒன்று, கொட்டியாரம் மற்றொன்று. கொட்டியாரத்தை ஆண்ட தமிழ் வன்னியர்கள் கண்டி மன்னரின் மேலாணையை ஏற்றிருந்தனர்.

அந்த வாயிலில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆன் என்னும் கப்பல், மசூலிப்பட்டினத்துத் துறையிலே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் வெட்டிப் பொருத்தும் பொருட்டு அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவர் றொபேட் நொக்ஸ். உடன் வந்த அவருடைய மகனின் பெயரும் றொபேட் நொக்ஸே. மகனுக்கு அப்போது வயது 19. ஊர் மக்கள் அவர்களிடம் பகை காட்டவில்லை, வணிகம் நடந்தது. ஆனால், செய்தி கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனை எட்டியது. மன்னனின் அதிகாரி ஒருவர் படையுடன் வந்தார். 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ஒரு புளியமரத்தடியிலே, கப்பற்றலைவர் சிறைப்பட்டார். அடுத்தடுத்து மொத்தம் 16 பேர் பிடிபட்டனர். கப்பல் மட்டும் தப்பிச் சென்றது.

பிடிபட்டோர் மலைநாட்டு ஊர்களிலே பிரித்து வைக்கப்பட்டனர். தந்தை நொக்ஸ் காய்ச்சலால் வருந்தி, 1661ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் இறந்தார். மகனே அவரை அடக்கஞ் செய்தான். சிறைக்கூடம் என்று ஒன்று அவனுக்கு இருக்கவில்லை. தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து வளர்த்தான். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னும் ஊரில் வீடும் அமைத்துக்கொண்டான். அவனைத் தடுத்து நின்றவை மலைகளும், காடுகளும், வழிதோறும் காவலர் நின்ற முட்கதவுகளுமே. 19 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1679ஆம் ஆண்டில், தோழர் ஒருவருடன் வடக்கே நடந்து, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரைவழியே சென்று, மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றான். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல், கண்டி இராச்சியத்து மக்களின் உழவையும் உணவையும் வழக்கங்களையும் அருகிருந்து கண்டு எழுதிய அரிய சான்றாகும். கிழக்குக் கடலில் ஓர் ஆற்றின் வாயில் பிடிபட்டவன், மேற்குக் கடலில் இன்னோர் ஆற்றின் வழியே மீண்டான். மூதூரில் அந்தப் புளியமரம் வெள்ளைக்காரன் மரம் என்று வழங்கப்பட்டது. அம்பிட்டியக் குருமடம் எழுந்த அதே 1893ஆம் ஆண்டில் அங்கே ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

கொட்டியாரத்துக்காகப் பிற நாட்டினரும் போட்டியிட்டனர். 1672ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படையொன்று குடாவினுள் வந்து, இராசசிங்க மன்னனின் இசைவுடன் காலூன்ற முயன்றது. ஒல்லாந்தர் அவ்வாண்டிலேயே அவர்களை அகற்றிவிட்டனர். இறுதியில், 1766ஆம் ஆண்டில், கீர்த்தி சிறீ இராசசிங்கன் ஒல்லாந்தருடன் செய்துகொள்ள நேர்ந்த உடன்படிக்கையினால், கண்டி இராச்சியம் கரையோரம் முழுவதையும் இழந்தது. அவ்வேளையிலும் மலைநாட்டார் கடற்கரையில் உப்பு எடுத்துச் செல்வதற்கு இடம் வைக்கப்பட்டது என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். நாட்டைப் பிரித்து எல்லைக்கோடு இடலாம். ஆனால் உலையில் இடும் உப்பை எவ்வாறு தடுப்பது?

அரசியலால் அறுபட்ட தொடர்பை வழிபாடு அறுபடாமல் வைத்திருந்தது. கொட்டியாரத்தின் தெற்கே சேருவிலவில் ஒரு பழைய பௌத்த தூபி உள்ளது. காவந்திச மன்னனால், புத்தர்பிரானின் நெற்றி எலும்பாகிய தாதுவை வைத்துக் கட்டப்பட்டது என்பது மரபு. காடு மூடிக் கிடந்த அத்தூபி 1920களில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. சேருவிலவிலிருந்து மகாவலியின் கரைவழியே மலைநாட்டினூடாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் தொன்மையான யாத்திரை வழி ஒன்று இருந்தது. உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அவ்வழியை இலங்கை 2010ஆம் ஆண்டில் சேர்த்துள்ளது. ஆற்றின் வாயிலிருந்து அதன் பிறப்பிடம் நோக்கி நடந்தவர்களின் வழி அது.

சைவ மரபிலும் இவ்வாறு புனிதம் பெற்றது. கங்கைக் கரையிலிருந்த கரைசைத் திருத்தலத்தின் பெருமையைத் திருக்கரைசைப் புராணம் பாடுகின்றது. அகத்திய முனிவர் வழிபட்ட தலம் அது என்பர். கங்குவேலியிலும் அகத்தியரின் பெயர் இன்றும் வழங்குகின்றது. கிளிவெட்டிக்கு அண்மையில், திருமங்கலாயில், பழைய சிவாலயமொன்றின் கற்கள் காட்டிடையே சிதறிக் கிடக்கின்றன. தெற்கெல்லையில் வெருகற் கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். தம்பலகாமத்து வீரக்கோன் முதலி அப்பெருமான்மீது பாடிய காதற் பிரபந்தம் கீழைக்கரைத் தமிழிலக்கியத்தின் மதிப்பிற்குரிய செல்வங்களுள் ஒன்று. மூதூரிலும் தோப்பூரிலும் பள்ளிவாசல்களைச் சூழ்ந்து முஸ்லிம் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். உழவும் மீன்பிடியும் எருமை வளர்ப்பும் வணிகமும் அவர்களுடைய தொழில்கள். மூதூர்த் தயிர் என்றால் அறியாதார் கீழ்மாகாணத்தில் இல்லை. கடலோரக் காடுகளில் வேடர் குடிகளும் உள்ளனர். அவர்கள் பேசுவது தமிழே. இத்தனை மக்களும் ஓர் ஆற்றின் நீரைக் குடித்து வாழ்ந்தனர்.

நேயர்களே, பழம்பெருமை பேசுவதோடு நாம் அமைந்துவிடலாகாது. மேலே உள்ளவர் ஆற்றுக்குச் செய்வதையெல்லாம் கீழே உள்ளவர் அடைகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், அதன் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. அம்பிட்டியவிலிருந்து தலாத்து ஓயா வழியாக மேலே செல்லும் பாதை, 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் முதன்முதலில் வணிகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டத்தின் திசையிலேயே செல்கின்றது. தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகளின் வியர்வையால் அம்மலைகள் செல்வம் ஈந்தன என்பது உண்மை. வேர்ப்பிடிப்பை இழந்த மண் ஆற்றில் இறங்கியது என்பதும் உண்மையே.

பின்னர் அணைகள் எழுந்தன. 1976ஆம் ஆண்டில், கண்டிக்கு வடக்கே பொல்கொல்லையில் கட்டப்பட்ட தடுப்பணை, மகாவலியின் நீரில் ஒரு பகுதியைச் சுரங்கவழியாக வடக்கே சுது கங்கைக்குத் திருப்பியது. ஆகவே தென்னக்கும்புரப் பாலத்தடியில் இன்று ஓடுவது, அவ்வாறு பிரிந்ததுபோக எஞ்சிய நீரே. விக்ரோறியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்னும் அணைகள் 1985 முதல் 1990 வரையான காலத்தில் கீழே அடுத்தடுத்து நிறைந்தன. இவற்றால் நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. வறண்ட வலயத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வயல் கிடைத்தது. இந்நன்மைகளை மறுப்பவர் எவருமிலர். ஆயினும் அணைக்குள் நீர் தேங்கும்போது வண்டலும் மணலும் தேங்குகின்றன. வண்டல் வராத கழிமுகம் மெலிகின்றது. மணல் வராத கரையைக் கடல் அரிக்கின்றது. நன்னீர் குறைந்த ஆற்றுவாயில் உவர்நீர் உள்ளேறுகின்றது. இது கழிமுகங்கள் அனைத்துக்கும் பொதுவான இயற்கை விதி.

கொட்டியாரம் கடந்த கால் நூற்றாண்டில் பட்ட துன்பங்கள் பல. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மூதூர்க் கரையில் ஏறியது. 2006ஆம் ஆண்டு யூலை மாதத்தில், வெருகற் பக்கத்து மாவிலாற்றின் மதகை விடுதலைப் புலிகள் மூடினர். அதனைத் திறக்கவென்று அரசாங்கம் படை நடத்தியது. அங்கிருந்து போர் பரவியது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கும், சம்பூர்த் தமிழர்கள் மட்டக்களப்புக்குமாக ஓடினர். சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியது 2015ஆம் ஆண்டிலேதான். நீரை ஆயுதமாக்கினால் அதன் முடிவு யாதாகும் என்பதற்கு ஒரு சிற்றாற்றின் மதகே சான்றாயிற்று.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. உயிர்கள் பல மாண்டன. மலையில் பெய்த அந்நீர் முழுவதும் ஆற்றிலே இறங்கி, கீழே கொட்டியாரத்தை மூழ்கடித்தது. மாவிலாற்றின் அணைக்கரை உடைந்தது. மூதூர், சேருவில, வெருகல் ஊர்களின் மக்கள் வீடு துறந்து வெளியேறினர். மலையில் மண்சரிவில் இறந்தவனையும், கரையில் வெள்ளத்தில் வயலிழந்தவனையும் ஒருவரையொருவர் அறியாதவர் என்று நாம் எண்ணுகின்றோம். இருவரையும் தாக்கியது ஒரே மழை.

கொட்டியாரத்தை அடைவது இன்று எளிது. முன்னர் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு விசைப்படகில் குடாவைக் கடக்க வேண்டும். அன்றேல் தரைவழியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகளில் ஏறி இறங்க வேண்டும். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் தொடர்ந்து பாலங்கள் எழுந்தன. கண்டியிலிருந்து காலையிற் புறப்படுவோர் பகற்பொழுதிலேயே மூதூர்க் கரையில் நிற்கலாம்.

அவ்வாறு செல்வோர் வெள்ளைக்காரன் மரத்தின் நினைவுக்கல்லைக் காணட்டும்; சேருவிலவையும் வெருகலையும் வணங்கட்டும். அதன்பின்னர், கங்கை கடலொடு கலக்கும் இடத்திலும் சற்று நேரம் நிற்கட்டும். அங்கே காணும் நீர் தம் வீட்டு முற்றத்தில் விழுந்த மழையே என்பதை உணர்ந்தவர், வீடு திரும்பியபின் மலையோரத்து மரமொன்றை வெட்டுமுன்னும், ஓடையிலே குப்பை கொட்டுமுன்னும், ஆற்றுமணலை அள்ளுமுன்னும் ஒருகணம் தயங்குவர். அந்தத் தயக்கம் மலையில் வாழ்வோர் கரையில் வாழ்வோருக்குச் செலுத்த வேண்டிய கடன். அக்கரையோர் நமக்கு உப்புத் தந்தவர்கள் என்பதை மறவாதிருப்போமாக.